விடுதிப் பதிவேடுதான் நம் நெட்வொர்க்

(திருக்கோவிலூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"நெட்வொர்க்கிங் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டீர்கள். கை குலுக்கு, புன்னகை செய், லிங்க்டுஇன் படத்தை மாற்று என்று இதற்கு ஏராளமான அறிவுரைகள் கிடைக்கின்றன. கை குலுக்கிய அடுத்த நொடி நமக்கு வரும் கேள்வியைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை. "திருக்கோவிலூரா? எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?"

ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் என்னிடமும் கேட்டார்கள். "ஸ்கூல் படிக்கும்போது எங்க தங்கியிருந்தீங்க?" "அத்தை வீட்டில்" என்றேன். பொய். ஆறாம் வகுப்பிலிருந்து நான் வளர்ந்தது ஆதிதிராவிடர் நல விடுதியில். அதே அரங்கில் என் விடுதியில் எனக்கு முன்பு படித்த அக்கா ஒருவர் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு நான் தவறவிட்ட ஆய்வு உதவித்தொகையின் கடைசித் தேதி அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்றார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தள்ளி இருப்பவருக்குத்தான் புதிது தெரியும். இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். தெருவைப் பிரித்து, பந்தியைப் பிரித்து, திருமணத்தைப் பிரித்து, அந்தத் தள்ளி இருக்கும் உறவைத்தானே சாதி முதலில் வெட்டுகிறது? சிலருக்கு மாமாவின் நண்பர் வழியாகத் தகவல் வருகிறது. அதற்குப் பெயர் தகுதி. நமக்கு இட ஒதுக்கீடு வழியாக வருகிறது. அதற்குப் பெயர் சலுகையாம்!

அண்ணல் அம்பேத்கருக்கும் ஓர் அறிமுகம் தேவைப்பட்டது. ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலூஸ்கர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அறிமுகப்படுத்தினார். பரோடாவின் உதவித்தொகையில்தான் 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்து முடித்துப் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது, தங்க இடம் கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்ததும் தடிகளோடு வந்து விரட்டினார்கள். ஆகவே, மறைத்ததற்காக நீங்கள் யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் கேள்வி கேட்பவர்கள்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. தனக்குக் கிடைத்த ஒரு அறிமுகத்தை, முகம் தெரியாத பிள்ளைகளுக்கான ஏற்பாடாக மாற்றினார். நாம் செய்ய வேண்டிய நெட்வொர்க்கிங் இதுதான்.

சில வேலைகளைச் சொல்கிறேன், இந்த வாரமே தொடங்கலாம்.

உங்கள் விடுதியில் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஆண்டுவாரியாகப் பட்டியல் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், செவிலியர், பெங்களூரு ஐ.டி. ஊழியர், எல்லோரையும் சேருங்கள். அவரவர் சம்மதத்தோடு, நமக்குள் மட்டும் இருக்கட்டும். வெளியில் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

தெரியாத ஒருவருக்கு எழுதும்போது, "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். நீங்கள் யார், அவருடைய எந்த வேலையைப் பார்த்தீர்கள், பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி: நான்கு வரி போதும். பதில் வந்தால், முடிவு எதுவானாலும் அவருக்குத் திரும்ப எழுதுங்கள். அறிமுகம் உறவாவது அந்த இரண்டாவது கடிதத்தில்தான்.

நெட் தேர்வு, தேசிய ஆய்வு உதவித்தொகை, வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகை என எந்த அறிவிப்பு வந்தாலும் கீழ் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். போட்டி கூடிவிடும் என்று பயப்படாதீர்கள். தகவலைப் பதுக்குவது நம்மை ஒதுக்கியவர்களின் பழக்கம்.

தனியார் நிறுவனத்தில் நுழைந்தவர்களுக்கு ஒன்று. அங்கே இட ஒதுக்கீடு இல்லை, 'ரெஃபரல்' இருக்கிறது. உங்கள் முதல் பரிந்துரை உங்கள் விடுதிப் பிள்ளைக்குப் போகட்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இது இன்னொரு சாதிச் சங்கமாகிவிடக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு டீக்கடையில் கூடினால் தங்கைகள் வர முடியாது. கல்வராயன் மலையிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து வந்த தம்பிக்கு வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. ஊருக்குப் போனால் சிக்னல் கிடைக்காது. அவர்களை மனதில் வைத்து நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்.

அந்த அக்கா இப்போது என் ஆய்வேட்டின் ஒவ்வொரு இயலையும் படித்துத் திருத்தம் சொல்கிறார். நாங்கள் பேசத் தொடங்க மூன்று ஆண்டுகள் வீணாயின. உங்களுக்கு ஒரு நாள்கூட வீணாக வேண்டாம். நான் தங்கியிருந்தது அரசு ஆதிதிராவிடர் நல விடுதி. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், எண்களைப் பரிமாறிக்கொள்வோம்.

ஜெய்பீம்.