ஓட்டுப் போட்டு வந்த கூட்டம்

(இணையத்தில் எழுதுவது, பகிர்வது குறித்து கோவையில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலைப்பதிவுக்கு ஒரே நாள்ல பெரிய கூட்டத்தை வரவைக்கிறது எப்படின்னு பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. சொல்றேன், அதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. ஆனா அப்படி எனக்கு வந்த கூட்டம் என்ன ஆச்சு, பல வருஷம் கழிச்சு அதே பதிவைப் படிச்ச ஒரு அண்ணா எனக்கு எதுக்குப் போன் பண்ணினார்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடறேன். நீங்க வலைப்பதிவு எழுதாதவங்களா இருக்கலாம். கையில போன் இருக்குதுங்களே, குடும்ப குரூப்புல தினம் நாலு தகவல் அனுப்பறீங்களே, அது போதும். இது உங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 2004ல தமிழ்ல வலைப்பதிவு எழுதினவங்க ரொம்பக் கொஞ்சம். யார் எங்க எழுதறாங்கன்னு கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து சரியாத் தெரியறதே அன்னைக்கு அதிர்ஷ்டம்தான். பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாத்தான் வரும். அந்த வருஷம் நம்ம கோயமுத்தூர்க்காரர் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்'னு ஒரு திரட்டியைத் தொடங்கினார். திரட்டின்னா என்னங்க? ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் செய்தியோடைன்னு ஒண்ணு இருக்கும். புதுசா ஏதாவது எழுதினா அந்த ஓடையில தலைப்பும் முதல் சில வரியும் வரும். அதையெல்லாம் ஒரே இடத்துல சேர்த்துக் காட்டறதுதான் திரட்டி. மெல்பர்ன்ல எழுதினதும் மேட்டுப்பாளையத்துல எழுதினதும் ஒரே பக்கத்துல அடுத்தடுத்து நிக்கும். பின்னாடி வெளிநாட்டுத் தமிழர்கள் சேர்ந்து அமைச்ச டி.எம்.ஐ. அமைப்பு அதை எடுத்து நடத்துச்சு. தமிழ் இணையத்தோட வரலாற்றை எழுதறவங்க கோயமுத்தூரை விட்டுட்டு எழுத முடியாதுன்னு நான் எப்பவும் பெருமையாச் சொல்வேன். 2010 ஜூன்ல செம்மொழி மாநாடு இங்க நடந்தப்போ தமிழ் இணைய மாநாடும் கூடவே இங்கதான் நடந்துச்சு.

திரட்டிக்கு அப்புறம் வந்தது ஓட்டு. அமெரிக்காவுல 2003ல டெலிஷியஸ்னு ஒரு தளம் வந்துச்சு. உங்களுக்குப் பிடிச்ச பக்கத்தோட முகவரியை அங்க சேமிச்சு வைக்கலாம். நீங்க சேமிச்சதை மத்தவங்களும் பார்க்கலாம். 2004ல டிக் வந்துச்சு. அங்க சேமிக்கிறதை விட ஓட்டுதான் முக்கியம். ஓட்டு ஏற ஏற அந்த இணைப்பு முகப்புக்குப் போகும், முகப்புக்கு வந்தா உலகமே பார்க்கும். அதே பாணியில தமிழ்ல வந்ததுதான் 'தமிழிஷ்'. அதுதான் பிறகு 'இன்ட்லி'ன்னு பேர் மாறுச்சு. தமிழ்மணத்துலயும் ஓட்டுப்பட்டை வந்துச்சு. அந்தக் காலத்துல யாரோட பதிவுக்குப் போனாலும் அடியில ரெண்டு மூணு ஓட்டுப்பட்டை தொங்கும், கடை வாசல்ல எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கற மாதிரி.

கூட்டம் எப்படி வந்துச்சுன்னா, இந்தத் தளங்கள்ல எத்தனை ஓட்டுங்கிறதை விட எவ்வளவு சீக்கிரம் ஓட்டு விழுதுங்கிறதுதான் கணக்கு. பதிவு போட்ட முதல் மணி நேரத்துல பத்து ஓட்டு வாங்கினா மேல ஏறிடும். அதே பத்து ஓட்டு மூணு நாள்ல மெதுவா வந்தா யாருக்கும் தெரியாது. பழைய ஓட்டோட எடை குறைஞ்சுட்டே போனாத்தான் புதுசு மேல வர இடம் கிடைக்கும். இதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா இதைப் புரிஞ்சுக்கிட்ட நாங்க என்ன பண்ணினோம்? மொய் வெச்சோம்.

ஆமாங்க, கல்யாண மொய் மாதிரியேதான். நீங்க என் பதிவுக்கு ஓட்டுப் போட்டா நான் உங்க பதிவுக்குப் போடணும். படிக்கணும்னு அவசியம் இல்லை. 'ஓட்டுப் போட்டாச்சு'ன்னு பின்னூட்டத்துல ஒரு வரி எழுதிட்டா கணக்கு நேர். யார் போடலைங்கிறதை மனசுக்குள்ள குறிச்சு வெச்சுக்கிட்டவங்களும் உண்டு. நானும் வெச்சிருந்தேன், மறைக்கலை. காலையில எந்த நேரத்துக்குப் பதிவு போட்டா வேலைக்குப் போனவங்க கம்ப்யூட்டர் திறந்ததும் பார்ப்பாங்கன்னெல்லாம் கணக்குப் போட்டேன். தலைப்புல ஒரு நடிகர் பேரைச் சேர்த்தா என்ன ஆகும்னும் பார்த்தேன். நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு, வெக்கமாவும் இருந்துச்சு.

அப்படி இருக்கையில ஒருநாள் உருப்படியா ஒண்ணு எழுதினேன். அப்பாரு காலத்துத் தோட்டத்தை எங்க வீட்டுல பாகம் பிரிச்சப்போ பட்டா மாறுதலுக்கு நான் அலைஞ்ச அனுபவம். என்ன மனு, என்னென்ன நகல், யாரைப் பார்க்கணும், எதை மறந்தா திரும்ப வர வேண்டியிருக்கும்னு எல்லாத்தையும் எழுதினேன். மொய்க்காரங்க வழக்கம்போல ஓட்டுப் போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முகப்புக்குப் போயிருச்சு. தினம் முப்பது, நாப்பது பேர் வர்ற என் வலைப்பதிவுக்கு அன்னைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ராத்திரி தூக்கமே வரலை. எண்ணிக்கை காட்டற பெட்டியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சுப் பார்த்துட்டே இருந்தேன்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா பார்த்திருப்பீங்க. குதிரையும் மாடும் கூட்டமும், கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்க. மூணாவது நாள் என் வலைப்பதிவு அப்படித்தான் இருந்துச்சு. திரும்பவும் அதே முப்பது பேர்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லைங்க. டிக் தளத்தையே எடுத்துக்குங்க. 2010 ஆகஸ்ட்ல அமைப்பை மொத்தமா மாத்தினாங்க. கோபப்பட்ட வாசகர்கள் ரெடிட்டுக்குப் போயிட்டாங்க. 2012ல அந்தத் தளம் அடிமாட்டு விலைக்குக் கை மாறுச்சு. டெலிஷியஸை 2005லயே யாஹூ வாங்கிச்சு, அப்புறம் பல கை மாறி ஓய்ஞ்சு போச்சு. ஸ்டம்பிள்அப்பான் 2018ல மூடிட்டாங்க. நம்ம திரட்டிகளும் பழையபடி இல்லை. எழுதினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஃபேஸ்புக்குக்குப் போயிட்டாங்க. கூட்டத்தைக் கொண்டுவந்து விட்ட பஸ் ஸ்டாண்டே இன்னைக்கு இல்லை.

ஆனா அந்தப் பட்டா பதிவு மட்டும் சாகலை. 'பட்டா மாறுதல் எப்படி'ன்னு கூகுள்ல தேடினவங்க ஒவ்வொருத்தரா அதுக்கு வந்துட்டே இருந்தாங்க. திரட்டி கொண்டுவந்த கூட்டம் ஓட்டுக்காகவும் வேடிக்கைக்காகவும் வந்தது. தேடல் கொண்டுவந்தது கையில பத்திரத்தோட நிக்கற ஆளை. எண்ணிக்கை கொஞ்சம்தான், அதனால நான் கண்டுக்கவே இல்லை.

ஒருநாள் போன் வந்துச்சு. காங்கயம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணா. என் பதிவுல இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கார். நான் எழுதின மாதிரியே வெள்ளைத் தாள்ல மனு எழுதி, நகல் எல்லாம் எடுத்துக்கிட்டு, ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கார். இப்பெல்லாம் இணையவழியிலதான் விண்ணப்பிக்கணும், இ-சேவை மையத்துலயே பண்ணிருக்கலாமேன்னு அங்க சொல்லியிருக்காங்க. ஒரு நாள் வேலை போச்சு. திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. "நீங்க எழுதுனதைப் பாத்துட்டுத்தானுங்க போனேன்"னு மட்டும் சொன்னார்.

அன்னைக்குத்தான் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். எந்த வருஷம் எழுதினதுன்னு கூட மேல இல்லை. அடியில ஒரு மூலையில பொடி எழுத்துல தேதி. மேல ஓட்டுப்பட்டை மட்டும் பளிச்சுன்னு. இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். என் பதிவை அப்படியே வரிக்கு வரி எடுத்து யார் யாரோ வேற தளங்கள்ல போட்டிருந்தாங்க. முன்னாடியா இருந்தா என் பேரைப் போடலைன்னு சண்டைக்குப் போயிருப்பேன். இப்போ பயம் வேற. என் பக்கத்தை நான் திருத்திடலாம், அந்த நகலையெல்லாம் எப்படித் திருத்தறது?

இதைத்தான் போன் வெச்சிருக்கற உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன். பழைய டெலிஷியஸ்ல ஒரு நல்ல குணம் இருந்துச்சு, ஓட்டு வந்தப்புறம் நாம அதை மறந்துட்டோம். அங்க யாரும் கட்டுரையை எடுத்து ஒட்டலை, முகவரியைத்தான் சேமிச்சாங்க. எழுதினவர் திருத்தினா, முகவரி வெச்சிருக்கற அத்தனை பேருக்கும் திருத்தினதுதான் தெரியும். வாட்ஸ்அப்ல நாம செய்யறது நேர் எதிர். எழுத்தை நகல் எடுத்து அனுப்பறோம், இல்லைன்னா ஸ்க்ரீன்ஷாட். கடைசித் தேதி தள்ளிப்போனாலும் அந்தப் படத்துல பழைய தேதிதான். விண்ணப்ப முறை மாறினாலும் பழைய முறைதான். யார் எப்போ எழுதினதுன்னே தெரியாம வருஷக்கணக்கா சுத்தும். 2018ல வாட்ஸ்அப் இந்தியாவுல ஒரு தகவலை ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல அனுப்ப முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. 2020ல, பல தடவை அனுப்பப்பட்ட தகவலை ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு இன்னும் இறுக்கிச்சு. ரெட்டை அம்புக்குறி போட்டு வருதே, அதுதான். வேகம் குறைஞ்சுச்சு, ஆனா நகல் நகல்தானே.

அதனால அரசு சேவை பத்தி யாருக்காவது சொல்லணும்னா எழுத்தை அனுப்பாதீங்க, பக்கத்தோட முகவரியை அனுப்புங்க. அதுவும் அரசோட பக்கமாவே இருக்கட்டும். முகவரி பெரும்பாலும் 'டாட் ஜி.ஓ.வி. டாட் இன்'ல முடியும். நடுவுல அந்த எழுத்து இருந்தாப் போதாது, முடியணும். போலிப் பக்கம் பண்றவங்க நடுவுலதான் செருகுவாங்க. மின்வாரியம் மாதிரி சில இடங்கள்ல முகவரி வேற மாதிரி முடியறதும் உண்டு, அதை பில்லைப் பார்த்து ஒருக்கா சரிபார்த்துக்குங்க. சரிபார்த்த முகவரியை போன் பிரவுசர்ல நட்சத்திரக் குறியைத் தொட்டுச் சேமிச்சுடுங்க. பட்டா, சிட்டா பார்க்கறதுக்கு ஒண்ணு, வில்லங்கச் சான்றுக்கு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் தேடினா விளம்பரத்தைத் தொட்டு வேற எங்கயாவது போயிடுவீங்க.

எழுதறவங்களுக்கு நான் சொல்றது கொஞ்சம்தான். தேதியை உச்சியில போடுங்க. ஜனங்க தேடற வார்த்தையைத் தலைப்புல வைங்க. 'நில உரிமை ஆவண மாற்றம்'னு யாரும் தேடறதில்லை, 'பட்டா மாத்தறது எப்படி'ன்னுதான் போன்கிட்டப் பேசறாங்க. முறை மாறினா புதுப் பதிவு எழுதிப் பேர் வாங்கப் பார்க்காதீங்க, பழசைத் திறந்து திருத்துங்க. யாரும் பாராட்ட மாட்டாங்க, பரவாயில்லை. உடனடிக் கூட்டம் வேணும்னா இன்னைக்கும் வழி இருக்குது; ரெடிட் இருக்கு, ரீல்ஸ் இருக்கு, முதல் மணி நேரக் கணக்கு மாறவே இல்லை. கூட்டம் வந்த அடுத்த நாள் அந்தப் பக்கத்தை மறந்துடாம இருந்தாச் சரி.

அந்தக் காங்கயம் அண்ணாவுக்கு நான் திரும்பக் கூப்பிட்டேன். அவங்க ஊருக்குக் கிட்ட இருக்கற இ-சேவை மையத்துல என்ன கேப்பாங்கன்னு விசாரிச்சுச் சொன்னேன். உட்பிரிவு இருந்ததால அளக்கறதுக்கு ஆள் வரணும், கொஞ்சம் நாளாச்சு. பட்டா வந்ததும் அவரே கூப்பிட்டார். "பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் வேணுமாமுங், நீங்க எழுதுனதை அப்படியே வாட்ஸ்அப்ல போட்டு உடுங்"னார். போட்டு விடலை. அரசுப் பக்கத்தோட முகவரியை முதல்ல அனுப்பினேன், அதுக்குக் கீழ திருத்தின என் பதிவோட முகவரியையும்.