நாளுக்கு ஒரு வரி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாட்குறிப்பு. நாட்குறிப்பு என்றதும், "அது படித்தவர்கள் செய்கிற வேலை, நம் வீட்டில் எழுதிவைக்க என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் சொல்ல வருவது வாழ்க்கைக் கதையை எழுதுவது அன்று. ஏதேனும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும், நாள் தவறாமல், நாளுக்கு ஒரு வரி எழுதிவைப்பது. அந்தப் பொருள் மழையாக இருக்கலாம். வெட்டிய பாலின் எடையாக இருக்கலாம். வீட்டுச் செலவாக இருக்கலாம். எதுவாயினும் ஒன்றே ஒன்று, ஆனால் தினந்தோறும்.

தோட்டத்துக்கு இந்தப் பழக்கம் புதியதன்று. காலையில் பிரட்டுக்குப் போனால், நம் பெயர் செக்ரோலில் பதிகிறது. பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றினால், எடை ஒரு புத்தகத்தில் ஏறுகிறது. செம்பனைத் தோட்டமானால், வெட்டிய குலைகளின் கணக்கு எழுதப்படுகிறது. அவையெல்லாம் நிர்வாகத்தின் புத்தகங்கள். உழைப்பு நம்முடையது, அந்த உழைப்பின் கணக்கோ அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது. நம் வீட்டு அலமாரியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டாமா? இதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி.

ஒரு பொருளை எடுத்து நாள்தோறும் எழுதியவர்களில், நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் ஜான் டால்டன். இங்கிலாந்தில் 1766-ஆம் ஆண்டு ஓர் ஏழை நெசவாளிக்கு மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். அவர் 1787-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வானிலையை எழுத ஆரம்பித்தார். வெப்பம் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு, மழை எவ்வளவு என்பன போன்ற குறிப்புகளே அதில் இருந்தன. தொடக்கத்தில் அவர் பயன்படுத்திய கருவிகளில் பல, அவரே செய்துகொண்டவை. 1844-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் அவர் காலமானார். அதற்கு முதல் நாள் மாலையிலும், நடுங்கும் கையால் அன்றைய வானிலையை எழுதிவைத்துவிட்டே படுத்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள்! அவர் எழுதிவைத்த குறிப்புகள் ஏறத்தாழ இரண்டு லட்சம் என்பார்கள்.

ஒரு நாளைய குறிப்பைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது? "இன்று மழை" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் நாள்தோறும் காற்றையும் ஈரத்தையும் பற்றிச் சிந்தித்ததால்தான், காற்றில் பல வாயுக்கள் எப்படிக் கலந்து நிற்கின்றன என்னும் கேள்வி அவருக்குப் பிறந்தது. அந்தக் கேள்வி அவரை அணுக் கொள்கைக்கு இட்டுச்சென்றது. இன்று இடைநிலைப் பள்ளியில் வேதியியல் படிக்கும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். டால்டன் பெயரை அவன் சொல்வான்.

சரி, இதில் உள்ள சிரமங்கள் என்னென்ன? அவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் சிரமம் அலுப்பு. விடியுமுன் எழுந்து, நிரையில் மரம் மரமாக ஓடி வெட்டி, மங்குகளில் பால் எடுத்து, சுமந்துவந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பும் உடம்பு, பேனாவைத் தேடுமா? தேடாது. ஆகையால், எழுதும் நேரத்தை வேறொரு வேலையோடு கட்டிவிட வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் எழுதுவது என்று வைத்துக்கொண்டால், தட்டு நினைவூட்டும். நோட்டுப் புத்தகத்தை ஓர் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பென்சிலையும் அதிலேயே கட்டிவிடுங்கள். பென்சிலைத் தேடுகிற வீட்டில் குறிப்பு நிலைக்காது.

இரண்டாவது சிரமம், "இன்று ஒன்றும் இல்லையே" என்னும் நாள். மழை பெய்யாத நாளில் மழைப் புத்தகத்தில் என்ன எழுதுவது? "மழை இல்லை" என்று எழுத வேண்டும். வேலைக்குப் போகாத நாளில் "வேலை இல்லை" என்று எழுத வேண்டும். ஒன்றும் நிகழாத நாளும் ஒரு செய்திதான். பத்து நாள் "மழை இல்லை" என்று தொடர்ந்து எழுதிய பிறகே, அதற்கு வறட்சி என்று பெயர் சொல்ல முடிகிறது. இடத்தை வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா, நாம் எழுதவில்லையா என்பது பின்னால் நமக்கே தெரியாது.

மூன்றாவது சிரமமே எல்லாவற்றிலும் பெரியது. நான்கு நாள் விட்டுப்போனபின் ஐந்தாம் நாள் உட்கார்ந்து, நினைவிலிருந்து நான்கு வரிகளையும் நிரப்பிவிடும் ஆசை. அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. விட்டுப்போனால் "எழுதவில்லை" என்று எழுதிவிட்டு, அன்றிலிருந்து தொடருங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு வரி உள்ளே புகுந்துவிட்டால், மற்ற வரிகளையும் எவரும் நம்பமாட்டார். நம் புத்தகத்துக்கு மதிப்புத் தருவது அழகான கையெழுத்து அன்று. அன்றன்றைக்கு எழுதப்பட்டது என்னும் உண்மையே.

இனிப் பலன்களுக்கு வருவோம்.

நான் அறிந்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அம்மாள் இருந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வேலை செய்த நாளுக்கு ஒரு வட்டம், வேலை இல்லாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் நிரையின் எண், பாலின் எடை. அவ்வளவுதான் அவருடைய நாட்குறிப்பு. அடைமழை மாதம் ஒன்றில் அவருடைய சம்பளச் சீட்டில் மூன்று நாள் குறைந்திருந்தது. மழையினால் சில நாள் வெட்டில்லை. சில நாள் தாமதமாக வெட்டினார்கள். எந்த நாள் எது என்று எவருக்கும் நினைவில்லை. அவர் சத்தம் போடவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கிராணியார் அதைச் செக்ரோலோடும் ஸ்டோர் புத்தகத்தோடும் வைத்துப் பார்த்தார். ஒரே பெயருடைய மற்றொருவரின் கணக்கில் அந்த மூன்று நாளும் ஏறியிருந்தன. அன்றைக்கே திருத்தம் நடந்தது. அந்த மூன்று நாள் கூலி அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். சம்பளத்தில் வழக்கு இருந்தால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். அங்கே போனாலும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "எந்த நாள்? எத்தனை நாள்?" என்பதுதான். "போன மாதம் மூன்று நாள் இருக்கும் ஐயா" என்று இழுப்பதற்கும், தேதியைச் சொல்லிப் பக்கத்தைத் திறந்து காட்டுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! நம் நோட்டுப் புத்தகம் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆனால் பேச்சுக்கு அது ஒரு தரையைக் கொடுக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்தப் புத்தகம் எப்போதும் நம் பக்கமே பேசும் என்று எதிர்பார்க்கக் கூடாது. "வர வர எடையைக் குறைத்துப் போடுகிறார்கள்" என்று ஒருவர் எண்ணுகிறார். அவரே இரண்டாண்டு எழுதிய கணக்கைப் புரட்டினால், ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில் பால் குறைந்திருப்பது தெரியலாம். அது ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர் விடும் காலம். மரம் தன் சத்தைப் புதிய இலைக்குக் கொடுப்பதால் பால் குறைகிறது. மழைத்தண்ணீர் கலந்த பாலில் எடை இருக்கும், ரப்பர் இருக்காது. மரத்திலிருந்து எடுக்கும் பாலில் சுமார் மூன்றில் ஒரு பங்கே ரப்பர்; மிகுதியில் பெரும்பகுதி தண்ணீர். இவற்றையெல்லாம் நம் கணக்கே நமக்குக் கற்றுக்கொடுக்கும். எங்கே நம் உரிமை, எங்கே வீண் சந்தேகம் என்று பிரித்துக் காட்டும் புத்தகமே நல்ல புத்தகம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் காய்ச்சல் வந்தால், அது தீரும்வரை அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த நாள் காய்ச்சல் தொடங்கியது, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, பிள்ளை எத்தனை முறை சிறுநீர் கழித்தது, என்ன குடித்தது என்று எழுதுங்கள். டிங்கிக் காய்ச்சலில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே ஆபத்து தலைகாட்டும். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நாம் நிம்மதி அடையும் அந்த நேரத்தில், கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மயக்கம் போன்ற குறிகள் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "இன்று எத்தனையாவது நாள்?" என்று டாக்டர் கேட்கும்போது, சரியான விடை ஓர் உயிரைக் காக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஏற்ற பொருள் மழை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பால்மாவுத் தகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில், வெட்டவெளியில், சாயாதபடி வையுங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அடிக்கோலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கொசு முட்டையிட இடம் கொடுக்கக் கூடாதல்லவா? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பக்கத்திலேயே, அப்பாவுக்கு எத்தனை நாள் வெட்டில்லாமல் போனது என்றும் எழுதுங்கள். மழைக்கும் வீட்டு வருமானத்துக்கும் உள்ள தொடர்பை உங்கள் கையெழுத்திலேயே நீங்கள் காண்பீர்கள். கணக்கும் அறிவியலும் தமிழும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

"எனக்கு நல்ல தமிழில் எழுத வராதே" என்று எவரும் தயங்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் ஆண்டு முதல் 1761-ஆம் ஆண்டில் தாம் மறையும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, துரை இன்னது சொன்னார் என்று, அக்காலத்துப் பேச்சுத் தமிழிலேயே எழுதினார். புலவர் தமிழ் அன்று அது. இடையிடையே விடுபட்ட நாட்களும் அதில் உண்டு. அச்சில் வரும் என்று அவர் எண்ணி எழுதியதாகத் தெரியவில்லை. 1846-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் அது பட்டது. பின்னர் 1904-ஆம் ஆண்டு முதல் 1928-ஆம் ஆண்டு வரை, சென்னை அரசாங்கம் அதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. அந்தக் காலத்துத் தென்னிந்தியாவை எழுதும் வரலாற்று ஆசிரியர் எவரும் அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

நம் தோட்டங்களைப் பற்றி அப்படி எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர்? எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பாட்டனும் பாட்டியும் எந்த நிரையில் வெட்டினார்கள், அரிசி என்ன விலைக்கு வாங்கினார்கள், எந்த ஆண்டு வெள்ளம் வந்தது என்று கேட்டால், சொல்ல ஆளில்லாமல் போகிறது. உழைத்தவர்கள் வீட்டில் எழுத்து இல்லாவிட்டால், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதே மிஞ்சும்.

ஆகவே, நேயர்களே, பெரிதாகத் தொடங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரே ஒரு பொருள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். பாட்டி சொல்லப் பேரன் எழுதும் வீட்டில், பாட்டியின் அறிவும் பேரனின் எழுத்தும் ஒன்றையொன்று வளர்க்கும். முதலில் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். மாதம் முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசியுங்கள். அதற்குப் பிறகு நிறுத்துவதா தொடர்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நாளுக்கு ஒரு வரி. ஆண்டுக்கு 365 வரி. இன்றைய வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.