மாதேரான்: மோட்டார் இல்லாத ஊரும் வண்டி இழுக்கும் மனிதரும்

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழமை வாய்ந்த சிற்றூர்களின் போக்குவரத்துக்கென வரையப்படும் திட்டங்கள் பெரும்பாலும் வண்டியிலிருந்தே தொடங்குகின்றன. சாலையின் அகலம் எவ்வளவு, வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பவையே முதற் கேள்விகள். நகர்த்த வேண்டியது மனிதர்களையே என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. தாளில் அது நல்ல சொல்தான். அந்தச் சொல்லை உரசிப் பார்க்க மகாராஷ்டிரத்தின் மாதேரானைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

மும்பைக்கு அருகில், ராய்கட் மாவட்டத்தில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர் அது. 1850இல் தானே மாவட்ட ஆட்சியராக இருந்த மாலெட் என்னும் ஆங்கிலேயர் அதைக் கண்டறிந்ததாக ஏடுகள் எழுதுகின்றன. மலையில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடியினர் அந்த ஏடுகளின் கண்ணில் படவில்லை. ஊருக்குள் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. 2003இல் ஒன்றிய அரசு இப்பகுதியைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தபோது அத்தடை மேலும் உறுதிப்பட்டது. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் மட்டுமே விலக்கு. காரில் வருவோர் தஸ்தூரி நாக்காவில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து கடைவீதி வரை சுமார் மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை.

அந்தப் பாதையில் ஊரைச் சுமப்பவர் யார்? நடக்க இயலாத முதியவரையும் நடக்க விரும்பாத செல்வரையும் கைரிக்‌ஷாவில் ஏற்றி, ஒருவர் முன்னே இழுக்க மற்றவர் பின்னே தள்ள, மேட்டில் ஏற்றிச் செல்லும் தொழிலாளரே. உரிமம் பெற்ற கைரிக்‌ஷாக்கள் 94. அரிசியும் சிமெண்டும் எரிவாயு உருளையும் குதிரை முதுகிலும் கைவண்டியிலும் ஏறுகின்றன. மாதேரானின் தூய காற்றைப் புகழும் சுற்றுலா ஏடுகள், அத்தூய்மை யாருடைய மூச்சிரைப்பில் காக்கப்பட்டது என்று எழுதுவதில்லை.

உண்மையில் மாதேரானுக்கு ஒரு பொதுப் போக்குவரத்து உண்டு. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தின் முயற்சியில் அமைந்து 1907இல் ஓடத் தொடங்கிய, இரண்டடி அகல நேரல்–மாதேரான் இருப்புப்பாதைதான் அது. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் மலையேறும் அந்தப் பாதை 2005 ஜூலை வெள்ளத்தில் சிதைந்து 2007இல் மீண்டது. பெட்டிகள் தடம் புரண்டதால் 2016இல் நின்றது. 2019 மழையில் மறுபடி சிதைந்து, முழுப் பாதையிலும் ஓட 2022 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையிலான குறுந்தொலைவு ரயில்தான் ஊர்மக்களுக்கு உயிர்நாடி. ஆயினும் பொம்மை ரயில் என்றே அதற்குப் பெயர். பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் நம்பியிருக்கும் ஒன்றைப் பொம்மை என்று அழைத்துவிட்டால், அதைப் பழுதுபார்க்க மூன்றாண்டு ஆனாலும் யாருக்கும் உறுத்துவதில்லை.

2022இல் உச்ச நீதிமன்றம் சோதனை முறையில் மின் ரிக்‌ஷாக்களை அனுமதித்தது. மாணவர்களும் முதியோரும் அதை வரவேற்றனர். வேலை இழக்கும் இழுவைத் தொழிலாளர்க்கே அவ்வண்டிகள் தரப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. 2024இல் எண்ணிக்கை 20 என வரையறுக்கப்பட்டது. 94க்கு 20! அந்த இருபதும் உரியவர் கைக்குத்தான் சென்றதா என்ற புகார் எழ, ஒதுக்கீட்டையே விசாரிக்க உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. 2025 ஆகஸ்டில் தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான அமர்வு, மனிதனை மனிதன் இழுப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று கூறி, ஆறு மாதத்துக்குள் கைரிக்‌ஷாவுக்கு முடிவு கட்டப் பணித்தது. நிதி இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்றும், உண்மையான தொழிலாளர்க்கு வழங்கியது போக எஞ்சும் வண்டிகளைப் பழங்குடிப் பெண்களுக்கும் பிறருக்கும் தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

அத்தீர்ப்பு 1980ஆம் ஆண்டின் ஆசாத் ரிக்‌ஷா இழுப்போர் சங்க வழக்கை நினைவுகூர்கிறது. பஞ்சாபில், சொந்த வண்டியை ஓட்டுவோர்க்கே உரிமம் என்று 1975இல் சட்டம் வந்தது. முதலாளியை ஒழிக்கும் சட்டம்தான். ஆனால் வாடகை வண்டி ஓட்டியவரிடம் சொந்த வண்டி ஏது? நீதிபதி கிருஷ்ணய்யர் சட்டத்தையும் வீழ்த்தவில்லை, தொழிலாளியையும் தெருவில் விடவில்லை. வங்கிக் கடன் வழியே ஓட்டுபவரே உரிமையாளர் ஆவதற்கு ஒரு திட்டத்தையே தீர்ப்பில் வகுத்தார். 1957இல் தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தவர் அவர் என்பதைத் தோழர்கள் அறிவர்.

இதே வினாவில் இடதுசாரிகளின் அனுபவமும் கசப்பு கலந்ததே. கைரிக்‌ஷாவை ஒழிக்க 2006இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. நோக்கம் நேர்மையானது. ஆனால் பீகாரிலிருந்து வந்து நடைபாதையில் உறங்கிய முதிய தொழிலாளி, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி கேட்டார். அதற்கு ஏற்கத்தக்க விடை கிடைக்கவில்லை. சட்டம் வழக்கில் சிக்கியது. கொல்கத்தாவில் மணியோசை ஓயவில்லை. தமிழ்நாட்டில் 1973இல் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டபோது, இழுத்தவர்க்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டது. மாற்று கையில் வந்ததால் பழையது போயிற்று.

மாதேரானில் இன்னொரு சிக்கலும் உண்டு. நானூறுக்கும் மேற்பட்ட குதிரைகளை நம்பி வாழ்வோர் மின் ரிக்‌ஷாவை எதிர்க்கின்றனர். பாதையில் பதிக்கும் பேவர் பிளாக்கில் குதிரையின் குளம்பு வழுக்குகிறது என்கின்றனர். மழையில் செம்மண் அரிக்காமல் காக்கக் கல் தேவை என்பது மறுதரப்பின் வாதம். தஸ்தூரியிலிருந்து ஊருக்குள் வரும் முதன்மைப் பாதைக்கு மட்டும் நீதிமன்றம் அதை ஏற்றது. குதிரைக்காரரைப் பிற்போக்கர் என்று தள்ளிவிடுவது எளிது. அவரும் அன்றாடம் உழைத்து உண்பவரே. சரக்கேற்றும் உரிமையைக் குதிரைக்கும் ஆளேற்றும் உரிமையை மின் ரிக்‌ஷாவுக்கும் பிரித்துத் தரலாகாதா என்று இரு தரப்பையும் ஒரே பாயில் அமர்த்திப் பேச வேண்டியது தொழிற்சங்கத்தின் வேலை. ஆட்சியர் அலுவலகம் அதைச் செய்யாது.

வண்டி கைக்கு வந்த பின்னும் கணக்கு முடிவதில்லை. தேய்ந்த பேட்டரியை மாற்றுவது யார் செலவில்? மின்னேற்றும் நிலையம் நகராட்சியின் கையில் இருக்குமா, ஒப்பந்தக்காரரிடம் போகுமா? எல்லாவற்றுக்கும் முன்னதாக, உரிமத்தில் பெயருள்ளவர் யார், தோளில் தழும்புள்ளவர் யார் என்று பிரித்தறியும் பணி இருக்கிறது. உண்மையான இழுவைத் தொழிலாளரை அடையாளம் காணும் பொறுப்பு ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவிடம் தரப்பட்டுள்ளது. அந்தப் பட்டியல் இறுதியாவதற்கு முன் மாதேரான் கடைவீதியில் மராத்தியில் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்ல இழுப்பவர்க்கு முப்பது நாளாவது தரப்பட வேண்டும்.