பணியிடம் தேடி வரும் கல்வி



அண்ணல் அம்பேத்கர் 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. பகலில் பிழைப்புக்குச் செல்வோரும் கற்கும்பொருட்டு அங்கே காலை வகுப்புகள் நடைபெற்றன. அன்று உழைப்பவரின் நேரத்திற்குக் கல்வி இணங்கி வந்தது. இன்று இணையத்தின் வழியாக அவருடைய இடத்திற்கே வருகிறது. சிற்றூர்களில் மருத்துவப் பணியாற்றுவோர்க்கு அக்கல்வி எதைத் தரும், எதைத் தராது என்பதை இங்கே சிந்திப்போம்.

செவிலியர் நம் வாசலுக்கு வராமல், தெருமுனையில் நின்றே விசாரித்துச் சென்ற காலத்தை நம் தாய்மார்கள் மறக்கவில்லை. இன்று நம் பெண்மக்களே செவிலியராகி வீடுவீடாகச் செல்கின்றனர். அவர்களுடைய அறிவு தேங்கினால் இழப்பு நமக்கே.

கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கொள்வோம். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள் உள்ளன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளரும் அங்கு உழைக்கின்றனர். பல வாரங்களாக இருமும் வார்ப்படத் தொழிலாளி ஒருவர் துணைச் சுகாதார நிலையத்திற்கு வருகிறார் எனக் கொள்வோம். அது காசநோயா? மணல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயா? அறிகுறிகள் பெரிதும் ஒத்திருக்கும். தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றுமாதலால், இரண்டும் சேர்ந்திருத்தலும் கூடும். சளிப் பரிசோதனையோடு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றும் கேட்கத் தெரிந்த செவிலியரே அவருக்கு வழிகாட்ட முடியும்.

இத்தகைய அறிவைத் தொலைவிலிருந்தே வளர்க்க இயலுமா? இயலும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2003இல் சஞ்சீவ் அரோரா என்னும் மருத்துவர் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோயுற்றோரை நெடுந்தொலைவு அலையவிடாமல், சிற்றூர் மருத்துவப் பணியாளர்களை வாரந்தோறும் காணொளியில் கூட்டினார். அவர்கள் தத்தம் நோயாளியின் நிலையை எடுத்துரைத்தனர். நிபுணர்களோடு கலந்து வழி கண்டனர். 2011இல் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமடைந்தோர் 57.5 விழுக்காடு, சிற்றூர்களிலும் சிறைகளிலும் இம்முறையில் குணமடைந்தோர் 58.2 விழுக்காடு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனமும் மனநலப் பயிற்சிக்கு இம்முறையைக் கையாண்டுள்ளது.

நம் மாவட்டத்து அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், மருத்துவ ஆய்வின் அடிப்படைகளை இணையவழியில் கற்பித்துள்ளது. 2020இல் கொரோனா பரவியபோது, மத்திய அரசு 'தீக்ஷா' தளத்தின் வழியாகச் செவிலியர், ஆஷா பணியாளர் முதலியோர்க்குப் பயிற்சி அளித்தது.

ஆனால், இளைஞர்களே, ஒன்றை நெஞ்சில் நிறுத்துங்கள். பணியிலிருப்போரின் அறிவை இணையம் கூர்மையாக்கும். புதிதாக ஒருவரைச் செவிலியராக்கிவிடாது. செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். பட்டப் படிப்பு 4 ஆண்டுகள். மருத்துவமனைப் பயிற்சியின்றி இவை நிறைவுறா. நாடி பிடிக்கவும் பேறு பார்க்கவும் திரையைப் பார்த்து மட்டும் பழக முடியாது. "வீட்டிலிருந்தே செவிலியராகலாம்" என்று எவரேனும் பணம் கேட்டால், அரசு ஏற்பும் செவிலியர் மன்றப் பதிவும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். ஏழைப் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் பணம் அது.

மற்றொன்றும் உண்டு. பகலெல்லாம் நடந்து, இரவில் வீட்டு வேலையும் முடித்த செவிலியர், தம் கைப்பேசியில், தம் செலவில் கற்க வேண்டுமென்பது நீதியன்று. கற்கும் நேரமும் பணிநேரமே எனக் கோருவோம். நம் சங்கமும் ஓர் அறையை ஒதுக்கி, கணினியும் இணைய இணைப்பும் அமைத்து, மாலை வேளைகளில் அவர்களுக்குத் திறந்து வைக்கட்டும். இந்த வெள்ளி விழாவின் நினைவாக அவ்வறை விளங்கட்டும்.