வலியின் அளவும் மின்னணுப் பதிவும்



காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. வலியை அளப்பதற்கு நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றே கருவி. வலியே இல்லையென்றால் சுழியம், தாங்கவொண்ணா வலிக்கு 10 என்று அவரையே சொல்லச் செய்யும் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. உறக்கம் வந்ததா, நடக்க முடிகிறதா என்ற கேள்விகளும் உடன் சேரும். இவ்விடைகளைக் கைப்பேசி வழியே, நோயாளி வீட்டிலிருந்தே பதிவு செய்யும் ஏற்பாட்டைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முதுகுவலிக்காரருக்கு அப்பேருந்துப் பயணமே ஒரு தண்டனை. ஒருமுறை வந்து சென்றபின், மறுமுறை வரும்வரை அவர் படும் பாட்டை மருத்துவமனை அறியாது.

இவ்விடைவெளியை நிரப்புவதால் பயன் உண்டா? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பரவிய புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்ற 766 பேரிடம் ஈதன் பாஷ் குழுவினர் ஆய்வு நடத்தினர். வலி முதலிய தொல்லைகளைக் கணினி வழியே தெரிவித்து வந்தோரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம் என 2017இல் அறிவித்தனர். தொல்லை மிகுந்தபோதெல்லாம் செவிலியருக்கு மின்னஞ்சல் சென்றது. பெரும்பாலும் அவர்கள் செயலில் இறங்கினர். வெறும் எண்களைத் திரட்டியிருந்தால் இது நேர்ந்திராது. முன்பு கணினிப் பழக்கம் இல்லாதோரே கூடுதல் பயன் பெற்றனர் என்பது, கிராம மக்களுக்கு இது ஒவ்வாது என்போர் கருத வேண்டிய செய்தி.

இவ்வட்டாரத்துக்கும் இது அந்நியமன்று. சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ நிறுவிய தொலைமருத்துவ நிலையத்தை 2000 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் தொடங்கி வைத்தார்.

மொழிதான் சிக்கல். தெலுங்கர் "மண்ட" என்பது எரிச்சல்; "போட்டு" என்பது குத்தல். நகரி, குப்பம், சத்தியவேடு பக்கத்துத் தமிழரோ குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று வேறுபடுத்துவர். ஆங்கில வினாத்தாளை அகராதி கொண்டு பெயர்த்தால் இவையெல்லாம் "வலி" என்ற ஒரே சொல்லில் கரைந்துபோகும். எழுத்தறியாதோருக்கு முகப்படங்களும் ஒலிப்பதிவும் வேண்டும்.

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. மார்பின் முதலிய இன்றியமையா வலிமருந்துகளைப் பெறுவதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. திரையில் 9 என்று பதிவாகி, மருந்தறையில் மார்பின் இல்லையெனில் அப்பதிவு யாருக்காக? முதலில் ஒரே புறநோயாளர் பிரிவில், நான்கே கேள்விகளோடு தொடங்கலாம். 7க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, மறுநாளைக்குள் நோயாளியிடம் பேசிய செவிலியரின் பெயருக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.