வீட்டிலிருந்து முதலாவதாகக் கம்பஸ் போகும் பிள்ளைக்கு

(ஆண்டு விழா வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்ததும் நாங்கள் எல்லோருக்கும் சொல்லி மகிழ்கிறோம். அது நல்லது. ஆனால் இன்று நான் பேச வந்தது, அதற்குப் பிறகு வரும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களைப் பற்றி.

தாயும் தகப்பனும் உயர்கல்விக்குப் போகாத வீட்டுப் பிள்ளையை ஒன்ராறியோவில் ‘முதல் தலைமுறை மாணவர்’ என்கிறார்கள். அண்ணாவோ அக்காவோ முன்னர் போயிருந்தாலும் அந்தப் பிள்ளையும் முதல் தலைமுறைதான். யுத்தத்தால் படிப்பைப் பாதியில் விட்டு, இங்கே வந்து இரண்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த பெற்றோர் எங்களில் பலர். ஆகவே இது எங்கள் வீட்டு விஷயம்.

இந்தப் பிள்ளைகளுக்கு மூளை குறைவில்லை. கம்பஸ் நடைமுறை தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பேராசிரியரும் மாணவரைச் சந்திப்பதற்கென்றே கிழமையில் சில மணி நேரம் ஒதுக்குகிறார். அதை ‘ஒபிஸ் அவர்ஸ்’ என்பார்கள். படித்த தகப்பனின் பிள்ளை இதைச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு அறிந்துகொள்கிறது. எங்கள் பிள்ளையோ, ‘பெரிய மனுசரை ஏன் கரைச்சல்படுத்துவான்’ என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கிறது. வாலிபரே, அந்த நேரம் உங்களுக்குரியது. இரண்டாம் கிழமையே ஒரு கேள்வியோடு போங்கள்.

முதல் பரீட்சையில் புள்ளி குறைந்தால் பிள்ளை பயந்து போகிறது. வீட்டில் சொல்வதில்லை. இந்த நாட்டில் பெற்றோர் பணம் கட்டினாலும், பிள்ளையின் புள்ளியைப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு அறிவிக்காது. அதனால் எங்களுக்குத் தெரியவரும்போது வருடம் முடிந்திருக்கும்.

ஒரு பாடம் சரிவரவில்லை என்றால், புள்ளிப் பதிவைப் பாதிக்காமல் அதை விட்டுவிட ஒரு கடைசி நாள் உண்டு. இலையுதிர்காலத் தவணைப் பாடங்களுக்கு அது பெரும்பாலும் நவம்பரில் வரும். ஆனால் விடுவதற்கு முன் மாணவர் நிதி அலுவலகத்தில் கேளுங்கள். ஓசாப் உதவியில் முழுநேர மாணவராக இருக்க, முழுப் பாடச்சுமையில் குறைந்தது 60 வீதம் எடுத்திருக்க வேண்டும். அதாவது தவணைக்கு 5 பாடம் என்றால் 3. ஓசாப்புக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். பெற்றோரே, வருமான விபரமும் கையொப்பமும் கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள்.

எழுத்துப் பயிற்சி நிலையம், கல்வி ஆலோசகர், மனநல ஆலோசகர் எல்லோரும் கம்பஸில் இருக்கிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் முதல் தலைமுறை மாணவருக்கு மூத்த மாணவர் ஒருவரைத் துணையாகத் தரும் திட்டமே இருக்கிறது. ஆனால் இவர்களில் யாரும் உங்களைத் தேடி வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். உதவி கேட்பது வெட்கமில்லை. உங்களோடு படிக்கும் கெட்டிக்காரர்களும் கேட்டுத்தான் படிக்கிறார்கள்.

பெற்றோரே, ‘எத்தனை மார்க்ஸ்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இந்தக் கிழமை எது விளங்கேல்லை? ஆரிட்டக் கேட்டனீ?’ என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வரும் கடிதம் வாசிப்பது, அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போவது, தம்பியைப் பார்ப்பது எல்லாம் மூத்த பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. பரீட்சைக் கிழமைகளில் அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்த துறை பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், முதலில் முழுவதும் சொல்ல விடுங்கள். மற்ற வீட்டுப் பிள்ளையின் கதையை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள்.

கம்பஸ் முடித்த அண்ணாமார், அக்காமார் எங்கள் சபையில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள். மூன்று முறை தொலைபேசியில் அழைத்தால் போதும்: இரண்டாம் கிழமையில் ஒன்று, முதல் பரீட்சைப் புள்ளி வந்ததும் ஒன்று, பாடம் விடும் கடைசி நாளுக்கு முன் ஒன்று. ‘பிரச்சினை இருக்கா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘எந்தப் பாடம் கஷ்டம்?’ என்று கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு வகுப்பில் விளங்காத ஒன்று வந்தால் கையை உயர்த்தி, ‘எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். இப்போதே கேட்டுப் பழகினால் கம்பஸில் பயம் இருக்காது.

இந்த வருடம் கம்பஸ் தொடங்கும் பிள்ளைகளும், ஏற்கெனவே முடித்தவர்களும் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாமல் மண்டபத்தில் நில்லுங்கள். தேநீர் இருக்கிறது. ஒருவரின் தொலைபேசி எண்ணை மற்றவர் எழுதிக்கொண்டு போங்கள்.