சில்லறைச் சொற்களின் செல்வம்



வெளிநாடு செல்வோரின் சட்டைப்பையில் சிறு சொற்றொடர் நூல் ஒன்று இருக்கும். 'நிலையம் எங்கே', 'விலை என்ன', 'நன்றி' என அன்றாடத் தேவைக்குரிய தொடர்கள் அதில் அடங்கும். புலமையுலகம் அந்நூலை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆயினும், ஒரு மக்கட்கூட்டம் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கிறது என்பதை இச்சில்லறைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. இத்தாலிய மொழி இதற்குத் தக்க சான்று.

இத்தாலிய நண்பர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் கூறும் சொல் 'ச்சாவோ'. தமிழ்ச்செவிக்குச் சற்றே அமங்கலமாக ஒலிக்கும் இச்சொல் வெனிஸ் வட்டார வழக்கிலிருந்து வந்தது. 'அடிமை' என்பது அதன் மூலப்பொருள். 'தங்கள் அடிமை' என்னும் பணிவுமொழி அது. வைணவ அடியார்களின் 'அடியேன்' இங்கு நினைவுக்கு வரும். அடிமையின் சொல் தோழரின் சொல்லாகிவிட்டது காலத்தின் விந்தை! இன்று அறிமுகமில்லாப் பெரியவரிடம் 'ச்சாவோ' என்பது அளவு மீறிய உரிமையாகும். அவரிடம் பகலில் 'புவோன்ஜோர்னோ', பொழுது சாய்ந்தபின் 'புவோனசேரா' எனல் முறை. எது தகும் எனத் தெரியாதபோது 'ஸால்வே' கைகொடுக்கும்; நலம் வாழ்த்தும் பழைய இலத்தீன் சொல் அது.

'கிராத்ஸியே' என நன்றி கூறினால் 'பிரேகோ' என்பது மறுமொழி. 'வேண்டுகிறேன்' என்பது அதன் நேர்பொருள். அமரச் சொல்லவும், முதலில் செல்லுமாறு வழிவிடவும் அதே சொல்தான். பிறர் இல்லத்துள் காலெடுத்து வைக்குமுன் விருந்தினர் 'பெர்மெஸ்ஸோ' என இசைவு கேட்பர். உள்ளிருப்பவர் 'அவாந்தி' என வரவேற்பர். கதவு திறந்தேயிருந்தாலும் இக்கேள்வி தவறுவதில்லை.

முன்னிலையில் 'தூ' என்பது 'நீ', மதிப்புக்குரியது 'லேய்'. 'லேய்' என்பதன் நேர்பொருள் 'அவள்'! ஆண்மகனையும் அவ்வாறே விளிப்பர். பழங்காலத்தில் 'தங்கள் மேன்மை' போன்ற பட்டச்சொற்களால் பெரியோரை விளித்தனர். அவை இலக்கணத்தில் பெண்பாலாதலின், அவற்றுக்குரிய பெண்பாற் பெயரே நிலைத்துவிட்டது. 1938-இல் முசோலினியின் அரசு 'லேய்' என்பதை விலக்கி, 'வோய்' என்பதையே வழங்குமாறு பணித்தது. 'லேய்' எனப் பெயர் கொண்ட மகளிர் இதழொன்று, அப்பெயர் 'அவள்' என்றே பொருள்பட்டும், 'அன்னபெல்லா' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அவ்வாட்சி வீழ்ந்தது, 'லேய்' வாழ்கிறது. மக்கள் நாவில் ஊறிய மரியாதையை ஆணையால் அழிக்க இயலவில்லை.

ஆகவே வழிகேட்கும் பயணி, 'ஸ்கூஸி, தொவே லா ஸ்தாத்ஸியோனே?' எனல் வேண்டும். 'மன்னியுங்கள், நிலையம் எங்கே?' என்பது பொருள். 'ஸ்கூஸி' 'ஸ்கூஸா' ஆயின் 'மன்னியுங்கள்' 'மன்னித்துக்கொள்' ஆகிவிடும். ஓர் உயிரொலியில் மரியாதை தங்கியிருக்கிறது.

ஒலியைப் பொறுத்தவரை தமிழர்க்கு இம்மொழி அயலன்று. கனம், கன்னம் என ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுவது தமிழர் அறிந்ததே. அங்கும் 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' பாட்டனார். எழுதுகோலுக்குப் 'பென்னா' என்பர். தமிழர் வழக்கம்போல் 'பேனா' என்றால், இத்தாலியர்க்கு அது துன்பம் எனப் பொருள்படும். இரண்டும் ஒன்றே என்பதைக் கவிஞர் மறுக்கமாட்டார்!

அன்றாடப் பேச்சைப் போற்றிய மரபு இத்தாலிக்குப் பழையது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே, செவிலியரைக் கேட்டு விதியறியாமலே குழந்தை பயிலும் மக்கள்மொழியின் உயர்வை நிலைநாட்ட இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். 1680-இல் அதே நாட்டில் பிறந்த வீரமாமுனிவர், 'தேம்பாவணி' என்னும் காப்பியம் பாடியவர். அவரே தமிழரின் பேச்சுவழக்குக்குக் கொடுந்தமிழ் இலக்கணமும் வகுத்தார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தாந்தேயின் நூற்பெயரில் மக்கள்மொழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இந்நூலின் தலைப்பிலும் அமைந்தது. காப்பியப் புலவர் சந்தைப்பேச்சையும் கற்கத்தக்கதெனக் கொண்டார்.

அவர் இங்கு வந்து கற்றதுபோல், அங்குச் செல்லும் தமிழரும் கற்கலாம். சொற்றொடர் நூல் என்ன சொல்வதெனக் கற்பிக்கும். யாரிடம் எவ்வாறு சொல்வது என்பதைப் பழகித்தான் அறியவேண்டும். அதை அறிந்தவர்க்கே அயலான் வீட்டு வாயிலில் 'அவாந்தி' என்னும் குரல் கேட்கும்.